காகிதத்தில் வராத பாடம்: ரொமாண்டிக் பியானோ கணினித் திரைக்கு வந்த கதை

‘ரொமாண்டிக்’ என்றதும் ஏதோ காதல் பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம்! மேற்கத்திய செவ்வியல் இசையில் அது ஒரு காலகட்டத்தின் பெயர். ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டு முழுவதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஷோப்பான், ஷூமான், லிஸ்ட், பிராம்ஸ் எல்லாரும் அந்தக் காலத்து ஆட்கள். (ஷோப்பானின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு ‘சோப்பின்’ என்று படிப்பவர்களும் உண்டு. அவரும் இவரும் ஒருவர்தான்.)

இந்தக் காலத்துப் பியானோ இசையைக் கற்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. எந்தக் கட்டையை அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எங்கே சத்தம் கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்றெல்லாம் இசைத்தாளில் எழுதியிருக்கும். அதை அப்படியே கணினியில் ஏற்றி வாசிக்கச் சொன்னால் ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துவிடும். ஆனால் கேட்கச் சகிக்காது! அதே தாளை ஒரு தேர்ந்த கலைஞர் வாசித்தால் கேட்பவர் கண் கலங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாளில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கர்நாடக இசைப் புத்தகத்தில் ஸ்வரம் அச்சாகியிருக்கும், அதை அசைக்கிற கமகம் பெரும்பாலும் அச்சாகியிருக்காது அல்லவா? அதே கதைதான்.

அப்படியானால் தாளில் இல்லாத ஒன்றை, ஆசிரியர் எதிரே இல்லாத ஒரு மாணவருக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? இந்தக் கேள்வி இணையம் வந்த பிறகு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு 170 வயதுக்கு மேல். ஷோப்பான் கண்ணை மூடிய நாளில் பிறந்த கேள்வி அது.

ஒரு பாடம் 20 ஃபிராங்க்

பிரெடெரிக் ஷோப்பான் 1810இல் போலந்தில் பிறந்தவர். 1831இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். இவ்வளவு பெரிய கலைஞருக்கு மேடை என்றாலே பயம். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த பொதுக் கச்சேரிகளை எண்ணினால் 30ஐ ஒட்டித்தான் வரும். அப்படியானால் வருமானம்? பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பாதித்தார். ஒரு பாடத்துக்கு 20 ஃபிராங்க். மாணவர் வீட்டுக்கு அவரே போக வேண்டும் என்றால் 30 ஃபிராங்க், வண்டிச் செலவு தனி. பணத்தைக் கையில் வாங்க மாட்டார். கணப்படுப்புக்கு மேலே இருக்கும் மாடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும்! ஒரு நாளைக்கு நான்கைந்து பாடம் எடுப்பார். பணம் கட்டக்கூடியவர்கள் யார்? பெரும்பாலும் பிரபுக் குடும்பத்துப் பெண்கள். ஆக, உலகின் மிகச் சிறந்த பியானோ பாடம் ஒரே ஊரில், ஒரே அறையில், மிகச் சிலருக்கு மட்டுமே கிடைத்தது.

அந்த அறையில் என்ன நடந்தது என்பது மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகளால் தெரிகிறது. அங்கே இரண்டு பியானோக்கள் இருந்தன. பெரிய பியானோ மாணவருக்கு, சுவரோரம் நிற்கும் சிறிய பியானோ ஆசிரியருக்கு. மாணவர் வாசிக்க வாசிக்க, ஷோப்பான் பக்கத்தில் இருந்தபடியே தன் பியானோவில் ஒரு வரியை வாசித்துக் காட்டுவார், சில இடங்களில் கூடவே வாசிப்பார். கையில் பென்சில். விரல் எண், மூச்சு விடும் இடம், சேர்த்துக்கொள்ளலாம் என்ற அலங்காரம் எல்லாவற்றையும் மாணவரின் தாளிலேயே குறித்துக் கொடுப்பார். கமீல் துபுவா, ஜேன் ஸ்டர்லிங் ஆகிய இரண்டு மாணவிகளின் தாள்கள் அந்தப் பென்சில் குறிகளோடு இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

பியானோ வாசிக்க வேண்டுமானால் பாடகர்களைக் கேள் என்பது அவருடைய முக்கியமான அறிவுரை. பாரிஸில் நடக்கும் இத்தாலிய ஆப்பெராவுக்குப் போகச் சொல்லி மாணவர்களை அனுப்புவார். பியானோ கட்டையை அழுத்திய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும் கருவி. பாடகர்போல ஒரு ஸ்வரத்தை வளர்த்துக்கொண்டே போக அதனால் முடியாது. முடியாததை முடிந்ததுபோல் காட்டுவதில்தான் கலை இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

திருடிய நேரம்

ரொமாண்டிக் பியானோவில் ‘ரூபாட்டோ’ என்ற சொல் அடிக்கடி வரும். இத்தாலிய மொழியில் ‘திருடப்பட்டது’ என்று பொருள்; திருடப்படுவது நேரம். ஓரிடத்தில் கொஞ்சம் தாமதித்து, இன்னோரிடத்தில் கொஞ்சம் விரைந்து, தாளத்தை ரப்பர்போல இழுத்து விடுவது. பலர் நினைப்பதுபோல மனம்போன போக்கில் வாசிப்பது அல்ல. ஷோப்பான் மாணவர்கள் பலரும் ஒரே மாதிரி சொல்லும் செய்தி இது: இடது கை கண்டிப்பாகத் தாளத்தில் நிற்க வேண்டும், அதுதான் வழிநடத்துபவர், வலது கை மட்டும் அதன் மேல் சுதந்திரமாக அலையலாம். லிஸ்ட் இதையே ஒரு மரத்தைக் காட்டி விளக்கினாராம். காற்றில் இலைகள் ஆடும், அடிமரம் அசையாது! ஷோப்பானின் பியானோ மேல் எப்போதும் ஒரு மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) இருந்தது என்று அவர் மாணவர் கரோல் மிக்குலி எழுதியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பெயர்போனவர் வீட்டில் தாளக் கருவி என்றால் பாருங்களேன்.

எழுத்துக்கும் வாசிப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று காட்ட ஒரு சண்டையே நடந்திருக்கிறது. வில்ஹெல்ம் ஃபான் லென்ஸ் என்ற மாணவர் 1842இல் ஷோப்பானிடம் ஒரு மசூர்க்காவை வாசித்துக்கொண்டிருந்தார். மசூர்க்கா என்பது போலந்து நாட்டு நடனம், 3 எண்ணிக்கைத் தாளம். அப்போது உள்ளே வந்தவர் மயர்பேர். பாரிஸ் ஆப்பெரா உலகில் அன்று உச்சத்தில் இருந்த இசையமைப்பாளர். கேட்டுவிட்டு, இது 2 எண்ணிக்கை என்றார். ஷோப்பான் 3 என்றார். மயர்பேர் விடவில்லை. எப்போதும் மென்மையாகப் பேசும் ஷோப்பானுக்குக் கோபம் தலைக்கேறியது. தானே உட்கார்ந்து, உரக்க எண்ணி, காலால் தட்டித் தாளம் போட்டு வாசித்துக் காட்டினார். மயர்பேர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் மனக்கசப்போடு பிரிந்தார்கள் என்கிறார் லென்ஸ்.

இதே சந்தேகம் இன்னொருவருக்கும் வந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தன் பெயரில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கிய சார்ல்ஸ் ஹாலே. நீங்கள் வாசிக்கும்போது 4 எண்ணிக்கை வருகிறதே என்று ஷோப்பானிடமே கேட்டார். ஷோப்பான் மறுத்தார். ஹாலே, அவரை வாசிக்கச் சொல்லி உரக்க எண்ணிக் காட்டினார். நான்குதான் வந்தது! இந்த முறை ஷோப்பான் சிரித்துவிட்டார். அது எங்கள் நாட்டு நடனத்தின் குணம் என்று விளக்கம் சொன்னார்.

யோசித்துப் பார்த்தால், இசையை எழுதியவருக்கே தான் எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரியவில்லை! அவர் காதில் அது மூன்றுதான். இப்படிப்பட்ட ஒன்றைத் தாளில் எப்படி எழுத முடியும்? ஆசிரியர் வாசிப்பதை மாணவர் கேட்க வேண்டும், மாணவர் வாசிப்பதை ஆசிரியர் கேட்க வேண்டும். இரண்டு வழிப் பாதை. இதற்குப் பின் நடந்த வரலாறு முழுவதும் இந்த இரண்டு வழிகளில் எது திறந்தது, எது அடைபட்டது என்பதுதான்.

ஆசிரியர் போன பிறகு

1849 அக்டோபர் 17 அன்று ஷோப்பான் இறந்தார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877இல். நடுவில் 28 ஆண்டுகள். அதனால் ஷோப்பான் வாசித்த ஒரு ஸ்வரம்கூட உலகத்துக்கு மிஞ்சவில்லை.

மிஞ்சியவர்கள் மாணவர்கள். கரோல் மிக்குலி லெவோவ் நகரில் (இன்று உக்ரைனில் உள்ள லிவிவ்) பல ஆண்டுகள் கற்பித்தார். தன் குருவின் படைப்புகளை, பாடத்தில் எடுத்த குறிப்புகளை வைத்துத் திருத்தி ஒரு பதிப்பாகவும் வெளியிட்டார். அவரிடம் கற்ற மோரிஸ் ரோசென்தால், ரவுல் கோச்சல்ஸ்கி ஆகியோர் இசைத்தட்டுக் காலம்வரை வாழ்ந்தார்கள். ஷோப்பானின் ‘பேரப்பிள்ளைகள்’ என்று இவர்களைச் சொல்லலாம்.

ஃபிரான்ஸ் லிஸ்ட் வேறு வழியில் போனார். மேடைகளை ஆண்ட அவர், பிற்காலத்தில் ஜெர்மனியின் வைமார் நகரில் கோடைதோறும் வகுப்பு நடத்தினார். கட்டணம் ஒரு பைசா கிடையாது! மாணவர்கள் தாங்கள் கொண்டுவந்த தாள்களைப் பியானோ மேல் அடுக்கி வைப்பார்கள். லிஸ்ட் அதில் ஒன்றை எடுத்து, இது யாருடையது, வாசி என்பார். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஒருவருக்குச் சொன்ன திருத்தம் இருபது பேருக்குப் பாடம். இன்று ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று சொல்லப்படும் முறை பரவ முக்கியக் காரணம் இந்த வகுப்புதான்.

1873இல் அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஏமி ஃபே என்ற அமெரிக்கப் பெண். லிஸ்ட் எப்படி உட்கார்ந்தார், எந்த வரியில் முகம் எப்படி மாறியது, என்ன சொல்லிக் கிண்டல் செய்தார் என்று வீட்டுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அந்தக் கடிதங்கள் பத்திரிகையில் வந்து, பிறகு புத்தகமாகிப் பல பதிப்புகள் கண்டன. அட்லாண்டிக் கடலைத் தாண்ட வசதியில்லாத எத்தனையோ அமெரிக்க மாணவர்கள் லிஸ்ட்டின் வகுப்பில் ‘உட்கார்ந்தது’ அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. படித்தவர்களுக்கு லிஸ்ட்டின் முகம் தெரிந்தது, ஒலி கேட்கவில்லை.

தபாலில் வந்த பியானோ

அடுத்து வந்தவர்கள் வியாபாரிகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தபால்வழி இசைப் பள்ளிகள் பெருகின. பணம் அனுப்பினால் பாடம் வீடு தேடி வரும். விளம்பரத் துறையைப் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விளம்பரம் இந்தக் காலத்தில்தான் பிறந்தது. 1926இல் ஜான் கேப்பிள்ஸ் என்ற இளைஞர் ‘யு.எஸ். ஸ்கூல் ஆஃப் மியூசிக்’ என்ற தபால் பள்ளிக்காக எழுதியது. விருந்தில் ஒருவன் பியானோ முன் உட்காருகிறான். இவனுக்கு என்ன தெரியும் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவன் பேத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவைத் தொடங்குகிறான். சிரிப்பு அடங்கிவிடுகிறது. முடித்ததும் ஒரே கைதட்டல். எங்கே கற்றாய் என்று கேட்டால், தபாலில் என்கிறான். ஆசிரியரே கிடையாதாம்!

இன்றுவரை விளம்பர எழுத்துக்கு உதாரணமாகக் காட்டப்படும் விளம்பரம் இது. அது விற்ற பொருளைக் கவனிக்க வேண்டும். அது இசையை விற்கவில்லை, கைதட்டலை விற்றது. தபால் பாடத்தில் எந்தக் கட்டை என்று அச்சிட்டு அனுப்ப முடியும். மூன்லைட்டின் முதல் பகுதியில் மேல் ஸ்வரம் மட்டும் தனியாக ஒளிர்ந்து, கீழே ஓடும் ஸ்வரங்கள் நிழல்போலப் பின்வாங்க வேண்டும். கைக்குள்ளேயே சுண்டுவிரலுக்கு ஓர் எடை, மற்ற விரல்களுக்கு வேறு எடை. அது சரியாக வந்ததா என்று கேட்டுச் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. பாதையின் இரண்டு வழிகளும் ஒலி இல்லாமல் அடைபட்டிருந்தன.

ஓட்டை போட்ட காகிதமும் இசைத்தட்டும்

ஒலி வந்தது வேறு பக்கத்திலிருந்து. 1904இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்து வெல்டே நிறுவனம் ‘வெல்டே-மின்யோன்’ என்ற தானியங்கிப் பியானோவைக் கொண்டுவந்தது. கலைஞர் வாசிப்பதை நீண்ட காகிதச் சுருளில் துளைகளாகப் பதிவு செய்வார்கள். அந்தச் சுருளை மாட்டினால் வீட்டுப் பியானோவின் கட்டைகள் தாமாகவே கீழிறங்கும், ஆள் இல்லாமல்! அதற்கு முன் வந்த தானியங்கிகள் ஸ்வரத்தை மட்டும் வாசித்தன. இது பெடலையும் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஏற்ற இறக்கத்தை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பதை நிறுவனம் வியாபார ரகசியமாகவே வைத்திருந்தது.

இதில் பதிவு செய்தவர்களில் ஒருவர் கார்ல் ரைனெக்கே. பிறந்த ஆண்டு 1824. அவர் பிறந்தபோது ஷோப்பானுக்கு 14 வயது! இசைத்தட்டுகளும் பெருகின. 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் கொள்ளும். ஷோப்பானின் நாக்டர்ன் போன்ற சிறிய உருப்படிகளுக்கு அது போதும். ஓபஸ் 9இன் இரண்டாவது நாக்டர்னை, ஷோப்பான் மாணவர்களுக்குக் குறித்துக்கொடுத்த கூடுதல் அலங்காரங்களோடு கோச்சல்ஸ்கி பதிவு செய்தார். மிக்குலி வழியாக அவருக்கு வந்த சொத்து அது. அச்சிட்ட புத்தகத்தில் இல்லாதது தட்டில் இருந்தது.

இந்தப் பழைய பதிவுகளைக் கேட்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் பலர் இரண்டு கையையும் ஒன்றாக இறக்குவதில்லை. இடது கை முதலில் விழும், வலது கையின் மெட்டு ஒரு நொடிப்பொழுது கழித்து வரும். ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்று எழுதிய ஸ்வரக் கூட்டத்தைக் கீழிருந்து மேலாக உருட்டி விடுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இந்தப் பழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. இன்று ஒரு தேர்வில் அப்படி வாசித்தால், கைகள் சேரவில்லை என்று மதிப்பெண் குறையும்! ரொமாண்டிக் இசையை ரொமாண்டிக் காலத்தில் பிறந்தவர் வாசித்த விதமே இன்றைய தேர்வில் பிழை. ‘சரியான உணர்ச்சி’ என்பதும் காலத்தோடு மாறும் சங்கதி என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

ஆக, ஒரு வழி திறந்துவிட்டது. மாணவரால் மேதையைக் கேட்க முடிந்தது. மேதையால் மாணவரைக் கேட்க முடியவில்லை. விளைவு? காப்பி அடிப்பது சுலபமாயிற்று.

இதற்கு மருந்துபோல வேலை செய்தவர் பிரெஞ்சுப் பியானோக் கலைஞர் ஆல்ஃபிரெட் கோர்தோ. 1915இலிருந்து ஷோப்பான் படைப்புகளுக்குப் ‘பயிற்சிப் பதிப்பு’ வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் இசையைவிட உரை அதிகம். இந்த இடம் ஏன் கடினம், எந்த விரலில் சிக்கல், அதற்கு என்ன பயிற்சி, இதன் உணர்ச்சி என்ன என்று ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். ‘இப்படி வாசி’ என்று முடிக்காமல் ‘இதற்காக இப்படி’ என்று காரணம் சொன்னார். அவர் முதுமையில் எடுத்த மாஸ்டர் கிளாஸ் படம் ஒன்று உண்டு. ஷூமானின் ‘குழந்தைக் காட்சிகள்’ தொகுப்பில் கடைசி உருப்படியை வாசித்தபடியே பேசுகிறார். மிகக் குறைந்த ஸ்வரங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் ஒரு காரணத்தைத் தேடிப் போகிறது. விலாசம் தெரியாத மாணவர்களுக்காகவே எடுத்ததுபோல் இருக்கும்.

கம்பி வழியே

இணையம் இந்தக் கதைக்குள் நுழைவது 1990களில். நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக், வயலின் கலைஞர் பிங்காஸ் சுக்கர்மானுக்காக 1996இல் வீடியோ வழிப் பாடத்தைத் தொடங்கியது. கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகும் ஆசிரியர், தன் மாணவர்களை விட்டுவிடாமல் இருக்க ஒரு வழி. நல்ல இணைப்பும் விலை உயர்ந்த கருவிகளும் தேவைப்பட்டதால் பெரிய பள்ளிகளுக்கு மட்டுமே கட்டுப்படியானது.

பியானோவுக்கு மட்டும் ஒரு தனி வசதி இருந்தது. யமஹா நிறுவனம் 1980களின் இறுதியில் ‘டிஸ்க்ளேவியர்’ என்ற பியானோவை வெளியிட்டது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் அழுந்தியது, பெடல் எவ்வளவு இறங்கியது என்பதையெல்லாம் எண்களாக மாற்றும். இரண்டு ஊரில் இரண்டு டிஸ்க்ளேவியரை இணையத்தில் இணைத்தால், மாணவர் இங்கே அழுத்த, ஆசிரியர் வீட்டுக் கட்டை அங்கே இறங்கும். வெல்டேயின் காகிதச் சுருள் கம்பிக்குள் போனதுபோல! ஆனால் விலை? சாதாரண வீட்டுக்கு எட்டாது.

சாதாரண வீட்டுக்கு எட்டியது 2005இல் வந்த யூடியூப். அதற்கு அடுத்த ஆண்டு ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இலவச இசைத்தாள் தளம் தொடங்கியது. காப்புரிமை முடிந்த தாள்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆஸ்திரியப் பதிப்பகம் ஒன்றின் சட்ட மிரட்டலால் 2007 அக்டோபரில் அது மூடப்பட்டு, 2008 ஜூனில் மறுபடி திறந்தது. ஷோப்பானின் முதல் பதிப்பு, மிக்குலியின் பதிப்பு, பழைய இசைத்தட்டு, கோர்தோவின் படம் எல்லாம் ஒரே திரையில், காசில்லாமல். 20 ஃபிராங்க் கொடுத்த பிரபுக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைக்காத ஒன்று, ஒரே நாக்டர்னைப் பத்துப் பேர் வாசித்துக் கேட்கும் வசதி, இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. பல ஆசிரியர்கள் ஒரு நாக்டர்னை நான்கு நான்கு வரியாகப் பிரித்துச் சொல்லித்தரும் பாடங்களையும் ஏற்றினார்கள். இதிலும் வழி ஒன்றுதான். திரையில் இருப்பவர் உங்களைக் கேட்பதில்லை.

2020: மென்மை காணாமல் போன ஆண்டு

கொரோனா வந்தது. 2020இல் உலகம் முழுவதும் இசைப் பள்ளிகள் திரைக்கு மாறின. இரண்டு வழியும் திறந்துவிட்டது என்று பார்த்தால், புதுச் சிக்கல்.

வீடியோ அழைப்பு மென்பொருள்கள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறி, குளிர்சாதனம், தெருச் சத்தம் போன்ற தொடர்ந்து வரும் ஒலியை ‘இரைச்சல்’ என்று அடையாளம் கண்டு வெட்டிவிடும். பெடலை அழுத்திப் பிடித்த பியானோ ஒலியும் அவற்றுக்கு இரைச்சல்தான்! ஸ்வரம் பிறக்கும், தேய்வதற்கு முன்பே மறையும். அதோடு, மெல்லப் பேசுபவர் குரலைக் கூட்டி, உரக்கப் பேசுபவர் குரலைக் குறைக்கும் தானியங்கி ஏற்பாடு ஒன்று உண்டு. கூட்டங்களுக்கு நல்லது. இசைக்கு? மாணவர் மிக மென்மையாகத் தொடங்கி மெல்ல மெல்ல வளர்த்துக்கொண்டு போவார். ஆசிரியர் காதில் எல்லாம் ஒரே சத்தமாக விழும். ரொமாண்டிக் இசையின் உயிரான மென்மை, தேய்வு, வளர்ச்சி மூன்றையும் வடிகட்டி எறிந்துவிட்டு, ஸ்வரத்தை மட்டும் கொண்டுபோனது மென்பொருள். பழையபடி வெறும் தாளுக்கே திரும்பிய கதை!

மூன்றாவது சிக்கல் தாமதம். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க, ஒருவர் ஒலி மற்றவரை ஏறத்தாழ 25 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்குக்குள், எட்ட வேண்டும். சாதாரண வீடியோ அழைப்பில் அதைப்போல் பல மடங்கு ஆகும். ஷோப்பான் செய்ததுபோல இரண்டாவது பியானோவில் கூடவே வாசித்து மாணவரை இழுத்துக்கொண்டு போவது நடக்கவே நடக்காது. ரூபாட்டோவைக் கற்பிக்கும் மிகப் பழைய வழி அதோடு அடைபட்டது.

ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. இரைச்சல் நீக்கத்தை அணைக்கும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ பொத்தானை மாணவர்களுக்குத் தேடிக் கொடுத்தார்கள். 2020இலேயே ஜூம் நிறுவனம் இசைக்கென்று தனி ஏற்பாட்டையும் சேர்த்தது. கட்டைகளுக்கு நேர் மேலே இன்னொரு கேமரா வந்தது. பெடல் தெரியக் கால் பக்கம் ஒன்று வைத்தவர்களும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது மிகச் சாதாரணமான ஒரு முறை. மாணவர் தான் வாசிப்பதைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்புவார். ஆசிரியர் நிதானமாகக் கேட்டு, இந்த நிமிடம் இந்த விநாடியில் இடது கை தயங்குகிறது, இங்கே மெட்டு மூச்சு வாங்கவில்லை என்று குறித்து அனுப்புவார். நேரடி அழைப்பின் தாமதம், வெட்டு எதுவும் இதைத் தொடாது. உற்றுப் பார்த்தால் இது ஷோப்பானின் பென்சில்தான்! துபுவாவின் தாளில் ஓரத்தில் கிடந்த குறி, இப்போது விநாடிக் கணக்கோடு வருகிறது.

கிடைத்ததும் கிடைக்காததும்

அந்தப் பதிவை ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன் மாணவர் தானே ஒருமுறை கேட்பார் அல்லவா? அங்கேதான் உண்மையான மாற்றம். ஹாலே எண்ணிக் காட்டும்வரை ஷோப்பானுக்கே தன் மூன்று நான்காக ஒலிப்பது தெரியவில்லை. வாசிக்கும்போது மனம் கேட்பது வேறு, கருவி ஒலிப்பது வேறு. பெரிய உணர்ச்சியோடு வாசித்ததாக நினைத்திருப்பார், பதிவில் தட்டையாக இருக்கும். மெல்லிய தயக்கம் என்று நினைத்தது பதிவில் தடுக்கி விழுந்ததுபோல் இருக்கும். அந்த ஏமாற்றத்திலிருந்துதான் கற்றல் தொடங்குகிறது. வைமாரில் இருபது பேர் செய்த வேலையை இன்று ஒரு கைபேசி செய்கிறது.

கிடைக்காததும் உண்டு. ஒரு பெரிய பியானோவின் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறுவது, தோளில் இருக்கும் இறுக்கத்தை ஆசிரியர் கைவைத்துத் தளர்த்துவது, ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்று பார்த்துப் பெடலை விடுவது, இவையெல்லாம் திரைக்குள் வராது. இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பத்துப் பேரைக் கேட்கும் வசதி, பத்துப் பேரின் சராசரியாக வாசிக்கும் ஆசையையும் கூடவே கொண்டுவருகிறது. யாரும் குறை சொல்ல முடியாத, யாருக்கும் நினைவில் நிற்காத வாசிப்பு அது. அதற்கு ரைனெக்கேயும் கோச்சல்ஸ்கியும்தான் நல்ல மாற்று மருந்து. அவர்களைக் கேட்ட மாணவருக்கு ‘சரி’ என்பது ஒன்றே ஒன்று அல்ல என்று புரிந்துவிடும். புரிந்த பிறகு, தனக்கு ஏன் இப்படி என்று ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். கோர்தோ பக்கம் பக்கமாக எழுதியதும் அந்தக் காரணங்களைத்தான்.

பாரிஸ் நூலகத்தில் இருக்கும் அந்தத் தாள்களில் ஷோப்பானின் பென்சில் எல்லா மாணவிகளுக்கும் ஒரே மாதிரி குறிக்கவில்லை. ஒரே படைப்பில் ஒருத்திக்கு ஒரு விரல் எண், இன்னொருத்திக்கு வேறு. ஒருத்திக்கு ஓர் அலங்காரம், அடுத்தவளுக்கு வேறொன்று. எதிரே இருப்பவரின் கையைப் பார்த்து, அவர் வாசிப்பதைக் கேட்டு, பிறகு எழுதிய குறிகள் அவை. தபால், காகிதச் சுருள், இசைத்தட்டு, திரை என்று பாதை எத்தனை முறை மாறினாலும், மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அது பாடமா, வெறும் நிகழ்ச்சியா என்பது இருக்கிறது.